கண்ணில் படாத வேலையாள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் திறமையை மதிப்பிடுவது எப்படி என்பது. கொரோனாவோடு வந்த புதுத் தலைவலி என்று பலரும் இதை நினைக்கிறார்கள். பாலகாட்டில் வளர்ந்த எனக்கு இது பழைய கதை.

கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் பாலகாட்டும் ஒன்று. 1956ல் மைசூர் அரசு ஏற்கும் வரை அந்தச் சுரங்கங்களை நடத்தியது லண்டனில் இருந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். முதலாளி கடலுக்கு அப்பால், வேலையாள் பூமிக்கு அடியில். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. லண்டனுக்கு எட்டியதெல்லாம் இத்தனை டன் கல் அரைத்தது, இத்தனை அவுன்ஸ் தங்கம் கிடைத்தது என்ற கணக்குத்தான்.

என் அப்பா டைம் ஆபீஸில் குமாஸ்தா. கீழே இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன். ஷிஃப்ட் முடிந்து ஒரு டோக்கன் திரும்பவில்லை என்றால் அப்பாவும் வீடு திரும்ப மாட்டார். அம்மா ரசத்தை இரண்டு தரம் சூடு பண்ணிய ராத்திரிகள் உண்டு. அடியில் பாறை வெடித்துவிடும் ஊர் அது. ஆளை எண்ணியது சம்பளத்துக்காக மட்டுமல்ல.

வெட்டிய தூரத்தை அளந்து கூலி கொடுப்பதும் இருந்தது. ஒரு கும்பலுக்கு அளவு குறைந்தால், கீழே போய்ப் பார்த்து வந்தவரைத்தான் அப்பா முதலில் கேட்பார்: "அங்கே கல்லு எப்படி இருக்கு?" கடினமான பாறையில் 2 அடி, இளகிய பாறையில் 5 அடிக்குச் சமம் என்பார்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. 1930ல் நிர்வாகம் எல்லாத் தொழிலாளரிடமும் கைரேகை எடுக்கப் பார்த்தது. எங்களைக் குற்றவாளிகளாக நடத்துவதா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தி, வாரக்கணக்கில் சுரங்கத்தில் இறங்கவே இல்லை. பெரும்பாலும் வடாற்காட்டுப் பக்கத்து ஏழைத் தமிழர்கள்!

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பெங்களூரில் ஒரு கம்பெனியில் பதினான்கு பேருக்கு நான் மேலதிகாரி. கீபோர்டு, மவுஸ் அசைவை வைத்து யார் எத்தனை நிமிஷம் வேலை செய்தார் என்று சொல்லும் மென்பொருளைப் போட்டார்கள். ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் மதிப்பெண் குறைந்தது. இரண்டு மாதம் பார்த்தேன். மூன்றாவது மாதம் எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பத்து நாளில் ராஜிநாமா வந்தது.

அவள் போன பிறகுதான் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர்களுடைய சிக்கலை எல்லாம் அந்தப் பெண் மணிக்கணக்கில் போனில் பேசித் தீர்த்திருக்கிறாள். போனில் பேசுகிறவள் கீபோர்டை எதற்குத் தட்டுவாள்? நான் ஒரு தடவை கூப்பிட்டு, "அங்கே கல்லு எப்படி இருக்கம்மா?" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். டைம் ஆபீஸ் குமாஸ்தாவின் பிள்ளைக்கு அது தோன்றவில்லை.

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை, வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். என்ன முடிந்தது, எங்கே தடைப்பட்டது, நான் என்ன செய்து தர வேண்டும், இந்த மூன்றுதான் கேள்வி. மென்பொருள் அறிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதை வைத்து மட்டும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. வேலை சரியில்லாத இருவரை அனுப்பவும் செய்தேன். அவர்களுக்குக் காரணம் முன்கூட்டியே தெரிந்திருந்தது, சண்டை வரவில்லை.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடிய பின், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தார்கள். வீட்டிலிருந்தே வேலை என்றதும் அவர்களுக்கு எத்தனை மணி நேரம் மிச்சமானது என்பதை, இங்கே அமர்ந்திருக்கும் மனிதவளத் துறை நண்பர்கள் எல்லோரையும் ஆபீசுக்குத் திரும்ப அழைக்கும் முன் கணக்கில் எடுக்க வேண்டுகிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் போன வருஷம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

காபி ஆறுகிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.