கணினிக்கு நல்ல வாத்தியங்கள்

கணினியில் சங்கீதம் கேட்பவர்களில் பலர், மிடி என்னும் வகையைச் சேர்ந்த கோப்பு ஒன்றை எப்போதாவது திறந்து, அதிலிருந்து எழுந்த தகர ஓசைப் பியானோவையும் ஜீவனற்ற வயலினையும் கேட்டு, இதுவும் ஒரு சங்கீதமா என்று மனம் சலித்து மூடியிருப்பார்கள். அந்தச் சலிப்பு நியாயமானதே. ஆயினும் குறை அந்தக் கோப்பில் இல்லை, அதை வாசித்துக் காட்டிய வாத்தியங்களில்தான் இருக்கிறது என்பதையும், அந்த வாத்தியங்களை மாற்றி நல்லனவற்றைப் பணச் செலவின்றியே எவரும் தருவித்துக்கொள்ளலாம் என்பதையும் எடுத்துச் சொல்வதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

மிடி கோப்பினுள் நாதம் என்பது அணுவளவும் கிடையாது. எந்த ஸ்வரம், எந்தக் கணத்தில், எவ்வளவு அழுத்தத்துடன் தொடங்க வேண்டும், எப்போது ஓய வேண்டும், அதை எந்த வாத்தியம் இசைக்க வேண்டும் என்ற கட்டளைகள் மாத்திரமே அதில் வரிசையாக அடங்கியிருக்கின்றன. கீர்த்தனை ஒன்றை ஸ்வரப்படுத்தி எழுதிய ஏட்டுக்கு அதை ஒப்பிடலாம். ஏடு ஒன்றேயானாலும், நல்ல வீணையில் வாசித்தால் ஒரு விதமாகவும், தந்தி தளர்ந்த வீணையில் வாசித்தால் வேறு விதமாகவும் அது ஒலிக்குமல்லவா? குறுந்தகட்டின் தரத்தில் பதிவு செய்த மூன்று நிமிஷப் பாட்டு ஏறக்குறைய 30 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ள, அதே அளவு நீளமுள்ள மிடி கோப்பு பெரும்பாலும் சில பத்துக் கிலோபைட்டுகளில் அடங்கிவிடுவதன் காரணமும் இதுவே.

1983-ஆம் வருஷம் ஜனவரி மாதம் கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில், ஸீக்வென்ஷியல் ஸர்க்யூட்ஸ், ரோலண்ட் என்னும் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் மின்னணு வாத்தியங்கள் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றில் வாசித்ததை மற்றொன்று ஒலித்துக் காட்டியது. மிடி என்னும் இந்தப் பொது மொழி உருவாவதற்கு முன்னின்று உழைத்த அமெரிக்கரான டேவ் ஸ்மித்துக்கும் ஜப்பானியரான இகுடாரோ ககேஹாஷிக்கும் முப்பது ஆண்டுகள் கழித்து, 2013-இல், தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது. இதற்கிடையே 1991-இல் 128 வாத்தியங்களுக்கு நிலையான எண்கள் வகுக்கப்பட்டன. ஒன்று என்றால் பியானோ, நாற்பத்தொன்று என்றால் வயலின், எழுபத்துநான்கு என்றால் புல்லாங்குழல் என்று கருவிகள் பலவும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டபடியால், ஒருவர் எழுதிய கோப்பு உலகின் எந்த மூலையிலும் அதே வாத்தியக் கோஷ்டியை அழைப்பதாயிற்று.

ஆனால் அழைத்தவுடன் வந்து நின்ற கோஷ்டியின் தரந்தான் பரிதாபமாக இருந்தது. அக்காலத்துக் கணினி ஒலி அட்டைகள், ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையை அசைத்து ஓசையை உண்டாக்கும் சிக்கனமான முறையையே கையாண்டன. மணியோசைக்கு அது ஓரளவு பொருந்தியது. நரம்பு வாத்தியங்களின் குழைவு அதற்கு எட்டவில்லை. 1994-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனமும் அதனுடன் இணைந்த அமெரிக்க நிறுவனமான ஈ-மியூவும் சேர்ந்து வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஈ32 என்ற அட்டை, மெய்யான வாத்தியங்களிலிருந்து பதிவு செய்த ஒலித் துணுக்குகளைக் கொண்டு வாசித்ததோடு, நமக்கு விருப்பமான ஒலிகளையும் அதன் நினைவகத்தில் நாமே ஏற்றிக்கொள்ள இடம் கொடுத்தது. ஆரம்பத்தில் அந்த இடம் 512 கிலோபைட் மட்டுமே. எனினும் வாத்தியம் வேறு, அதைத் தாங்கும் இயந்திரம் வேறு என்று பிரித்துவிட்ட அந்த யோசனையை நான் மிகப் பெரிய உபகாரமாகக் கருதுகிறேன். அவ்வாறு ஏற்றும் ஒலிக் கோப்புக்குச் சவுண்ட்ஃபாண்ட் என்று பெயர். அதன் இலக்கண விதிகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டமையால், இன்று விசேஷ அட்டை எதுவும் இல்லாமலே, ஃப்ளூயிட்ஸிந்த் போன்ற இலவச மென்பொருள்கள் அந்தக் கோப்பைப் படித்து வாசித்துவிடுகின்றன.

இத்தகைய கோப்பு ஒன்று எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன். அதை அறிந்தால்தான் நல்லதையும் அல்லாததையும் காதால் பகுத்தறிய முடியும். பியானோவில் 88 கட்டைகள் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிவு செய்தால் கோப்பு பெருத்துவிடும் என்பதற்காக, இடைவெளி விட்டுச் சில ஸ்வரங்களை மட்டும் பதிவு செய்து, அவற்றின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அண்டை ஸ்வரங்களை நிரப்புவது வழக்கம். இந்த நீட்டல் ஓரிரு ஸ்வரத்தோடு நின்றால் காது ஏமாறும். ஒரு ஸ்தாயி முழுவதும் நீட்டினாலோ, வயலின்காரரின் விரல் அசைவுகூட மேல் ஸ்வரங்களில் படபடவென்று விரைந்து, செயற்கை அம்பலமாகிவிடும். மெல்லத் தொட்ட கட்டையும் ஓங்கி அடித்த கட்டையும் சத்தத்தின் அளவில் மட்டுமன்றி, நாதத்தின் நிறத்திலேயே வேறுபடுவதால், ஒரே ஸ்வரத்தைப் பல அழுத்தங்களில் பதிவு செய்ய வேண்டியதும் அவசியமாகிறது. சாலமாண்டர் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் பியானோத் தொகுப்பு, யமஹா சி5 பியானோ ஒன்றை, மூன்று அரை ஸ்வரங்களுக்கு ஒரு பதிவாக, ஒவ்வொன்றையும் 16 விதமான அழுத்தங்களில் எடுத்திருக்கிறது என்றால், அதன் பின்னே இருக்கும் பொறுமையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். குழல் போன்ற வாத்தியங்களில், ஒட்டுத் தெரியாதபடி ஒலியின் நடுப்பகுதியை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, கட்டளை நிற்கும்வரை நாதத்தை நீடிக்கச் செய்கிறார்கள். அந்த ஒட்டு எங்கே வைக்கப்பட்டது என்பதிலேயே தயாரித்தவரின் கைத்திறன் புலப்படும்.

இத்தகைய கோப்பின் பிரயோகம் வெகு சுலபம். விண்டோஸ் தன்னோடு கொண்டுவரும் ரோலண்ட் ஒலித் தொகுப்பு நான்கு மெகாபைட்டுக்கும் குறைவு. நாம் சலித்துக்கொண்ட தகர ஓசை பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். அதற்குப் பதிலாக ஜெனரல்யூஸர் ஜிஎஸ், ஃப்ளூயிட் ஆர்3 போன்ற தொகுப்புகளில் ஒன்றைப் பதிவிறக்கம் செய்து, மிடி வாசிக்கும் மென்பொருளின் அமைப்பில் அந்தக் கோப்பைச் சுட்டிக்காட்டினால் போதும். மியூஸ்ஸ்கோர் போன்ற ஸ்வரம் எழுதும் மென்பொருளிலும் இவ்வாறே செய்யலாம். ஜெனரல்யூஸர் ஜிஎஸ் தொகுப்பின் அளவு சுமார் 30 மெகாபைட், ஃப்ளூயிட் ஆர்3 ஏறக்குறைய 140. பெரியதே சிறந்தது என்ற எண்ணம் வேண்டாம். வாத்தியங்கள் ஒன்றையொன்று அமுக்காமல் சேர்ந்து ஒலிப்பதே ஒரு கோஷ்டிக்கு அழகு என்பதால், சமனிலை கெடாத சிறிய தொகுப்பையே நான் பெரிதும் விரும்புவேன். பிறர் உரிமையுள்ள ஒலிகளை அனுமதியின்றி நகல் செய்து உலவவிட்ட தொகுப்புகளும் உண்டாதலால், உடன் வரும் உரிமக் குறிப்பைப் படித்துப் பார்ப்பது நேர்மையான ரசிகரின் கடமை.

இனி நம் சங்கீதத்தின் நிலைமை. அந்த 128 வாத்தியங்களில் சிதாருக்கு 105-ஆவது இடமும் ஷெனாய்க்கு 112-ஆவது இடமும் கிடைத்திருக்க, வீணைக்கும் நாகஸ்வரத்துக்கும் மிருதங்கத்துக்கும் இடமில்லை. கமகமோ இன்னும் கடினமானது. சுருதியை வளைப்பதற்கு மிடியில் 16,384 படிகள் கொண்ட ஏற்பாடு இருக்கிறது. ஆனால் வழக்கமான அமைப்பில் அது மேலும் கீழும் இரண்டிரண்டு அரை ஸ்வரங்களையே எட்டும் என்பதோடு, தோடியின் காந்தாரத்தை அசைக்க வேண்டுமானால் ஒவ்வோர் அசைவையும் எழுதுபவரே வரைந்து காட்ட வேண்டும். இது முடியாத காரியமன்று. சங்கீத ஞானமும் பொறுமையும் உள்ளவரே செய்யத்தக்க காரியம். அதற்கு முதற்படியாக வேண்டுவன நல்ல ஒலிகள்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1997 முதல், மேல்நாட்டு வாத்தியங்களை மென்மையாகவும் நடுத்தரமாகவும் உரக்கவும் ஸ்வரம் ஸ்வரமாக வாசிக்கச் செய்து, அவற்றுள் பலவற்றை எதிரொலி எழாத அறையிலேயே பதிவு செய்து, எவரும் எக்காரியத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறது. நம் இசைக் கல்லூரிகளும் வித்வான்களும் இதே முறையில் வீணையின் ஒவ்வொரு மெட்டையும், நாகஸ்வரத்தின் ஒவ்வொரு ஸ்வரத்தையும், மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் பல அழுத்தங்களில் வாசித்துப் பதிவு செய்து, எல்லோருக்கும் உரியதாக அளிக்க வேண்டும் என்று பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். அவற்றைத் தொகுத்துச் சவுண்ட்ஃபாண்ட் ஆக்குவதற்குப் பாலிஃபோன் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அமைதியான ஓர் அறையும், நல்ல ஒலிவாங்கியும், சுருதி சுத்தமான ஒரு வாத்தியமும் இருந்தால் இந்தப் பணியை இன்றே தொடங்கலாம்.