அமுக்கிச் செய்த மண்கல்லும் மழையை அளக்கும் போத்தலும்

(மீள்குடியேறும் தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலை மண்டபத்திலும் சொந்தக்காரர் வீட்டிலும் மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்துவிட்டு, இப்போது வீடு கட்டப் போகிறீர்கள். நான் பொறியியலாளர் இல்லை, கலைப் பட்டதாரி. பொறியியலாளர்களும் மேசன் பாஸ்மாரும் சொல்வதைக் கேட்டு உங்களுக்குப் புரியும்படி எழுதுவதுதான் என் வேலை. அப்படிக் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் பட்டதைச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. அந்த லயம் கல்லில் கட்டியிருந்தாலும் கொங்கிரீட்டில் கட்டியிருந்தாலும் அந்த மண்ணைத் தாங்கியிருக்காது. ஆகவே புதிய கல், புதிய இயந்திரம் என்று யார் வந்து காட்டினாலும், முதலில் கேட்க வேண்டியது இடத்தைப் பற்றித்தான். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் வீடு கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும். காணியைக் காட்டுபவரிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இனி கல்லுக்கு வருவோம். மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து, கையால் இழுக்கும் இயந்திரத்தில் அமுக்கிச் செய்யும் கல் இது. 1950களில் கொலம்பியா நாட்டில் ராவுல் ராமிரெஸ் என்ற பொறியியலாளர் செய்த சிறிய கை இயந்திரம்தான் இதற்கு வழிகாட்டி. பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் ஓரோவில்லில் இதை நன்றாக வளர்த்தார்கள். இலங்கையில் இதற்கு எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரமும் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரங்கிக்க ஹல்வதுரவின் குழு இன்னொரு வழியைக் கண்டுபிடித்தது. மண்ணில் இருக்கும் சரளையையே சல்லிக்குப் பதிலாக வைத்து, கொங்கிரீட் போலக் குழைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். எதற்கும் சூளை வேண்டாம். விறகும் மிச்சம், ஆற்று மணலும் மிச்சம்.

எல்லா மண்ணும் இதற்குச் சரிவராது. மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணில் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். களி கடைசியில்தான் படியும். மணல் பாதிக்கு மேல் இருந்தால் நல்ல அறிகுறி. சீமெந்து அளவை மட்டும் கண்மதிப்பில் போடாதீர்கள். சோதித்துப் பார்த்த பாஸ் சொல்லட்டும்.

ஒரு பயிற்சியில் நான் பார்த்தது இது. ஒரே நாளில் அமுக்கிய கற்களில் பாதியைச் சாக்குப் போட்டு மூடி நனைத்து வந்தார்கள். மீதியை வெயிலில் அப்படியே விட்டார்கள். வெயிலில் கிடந்ததன் மூலை கைபட்டதுமே உதிர்ந்தது. சீமெந்து இறுகுவதற்கு ஈரம் வேண்டும், அவசரப்படக் கூடாது. ஆனால் சுவராக எழுந்தபிறகு இந்தக் கல்லுக்கு ஈரம் ஆகாது. அத்திவாரம் கருங்கல்லில் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், கூரை வெளியே நீண்டிருக்க வேண்டும். அத்திவாரத்தின் மேலும் கதவு, யன்னலுக்கு மேலும் சுற்றிவர ஒரு கொங்கிரீட் கட்டு ஓட வேண்டும். இடுப்புக்குப் பட்டி கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். கல்லுக்கு மண் வேண்டுமே என்று வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டை வெட்டாதீர்கள். சரிவின் அடியை வெட்டினால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். அத்திவாரம் வெட்டிய மண்ணைப் பாருங்கள், போதாவிட்டால் அதிகாரி காட்டும் இடத்தில் எடுங்கள். கான் வெட்டுவதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலைக்கும் றப்பருக்கும் தலைமுறையாக வெட்டிக் கொடுத்தவர்கள் நீங்கள். அதே கானை இப்போது உங்கள் வீட்டுக்கு மேலே வெட்டி, மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய் விடுங்கள். குசினித் தண்ணீரும் சரிவில் ஊறக் கூடாது.

போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "உறுதிப்பத்திரம் கையில வரல, கல்லைப் பத்தி எதுக்குமா பேசுறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பத்திரம் வரும்வரை இன்னும் சில மழைக்காலம் பழைய லயத்திலேயே கழிக்கவேண்டிய குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களுக்குக் கல்லை விடப் போத்தல்தான் அவசரம்.

நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டி, புனல் போலக் கவிழ்த்து வையுங்கள். அடியில் உள்ள மேடு பள்ளத்தைச் சீமெந்தால் நிரப்பி மட்டமாக்குங்கள். அந்த மட்டம்தான் பூச்சியம். அங்கிருந்து பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து 75 மில்லிமீற்றரில் மஞ்சள், 100இல் செம்மஞ்சள், 150இல் சிவப்புக் கோடு போடுங்கள். மரத்துக்கும் தாழ்வாரத்துக்கும் தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். ஒரு நாளில் மஞ்சள் என்றால் கவனம். செம்மஞ்சள் என்றால் பொருட்களைக் கட்டிப் புறப்படத் தயாராகுங்கள். வயதானவர்களையும் பிள்ளைகளையும் அப்போதே அனுப்பிவிடலாம். சிவப்பு என்றால் யாரையும் கேட்காமல் வெளியேறுங்கள். ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தாலும் அப்படித்தான். நிலம் வெடித்தால், மரம் சாய்ந்தால், பீலித்தண்ணீர் திடீரென்று கலங்கினால் அல்லது நின்றால், போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இந்த உரை முடிந்ததும் பின்வரிசை மேசைக்கு வாருங்கள். வெட்டிய போத்தல்களும் மூன்று நிறப் பேனைகளும் வைத்திருக்கிறோம். கோடு போட்டே எடுத்துக்கொண்டு போகலாம்.