பல்லும் ஈறும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

    

யாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தராய் அமர்ந்து, பேரேடுகளோடு பொழுது போக்கி வருகின்றோம். இரயிலே இல்லாத சின்னக்கானலில் இரயில்வே எழுத்தர்க்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கக் கூடும். இம்மலைக்கும் ஒரு காலத்தில் இரயில் இருந்தது; மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே ஓடிய அச்சிறு வண்டிப் பாதையை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. அது நிற்க. எம் தமக்கையார் இங்கே சூரியநெல்லியில் கொழுந்து பறிக்கின்றார். ஆண்டுதோறும் அவர் இல்லத்திற்கு வந்து போகும் உரிமையினால்தான் இம்மேடையில் நிற்கின்றோம்.

எடுத்துக்கொண்ட பொருள் பல். இது விழாவிற்குரிய பொருளா என்று எண்ண வேண்டா. யானையோடு வாழ்ந்து பழகிய இவ்வூரார்க்கு யானையைக் கொண்டே தொடங்குவோம். இங்குள்ள அரிசிக் கடைகளை உடைத்து அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானையை 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் பிடித்துக் கொண்டு சென்றதை நீங்கள் கண்ணாரக் கண்டீர்கள். அந்த யானைக்கு இயற்கை அளித்துள்ள ஒரு பேறு நமக்கு இல்லை. யானைக்குக் கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஆறு முறை முளைக்கின்றன. ஒரு தொகுதி தேய்ந்து விழுந்தால் அடுத்தது முன்னேறி வருகின்றது. மனிதனுக்கோ இருமுறைதான். பால்பல் விழுந்தபின் முளைப்பதே இறுதிப் பல்.

அப்படிப்பட்ட பல்லை யாம் எவ்வாறு இழந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுதல் நேர்மை. எம் இளமையில் வேப்பங்குச்சியே எமக்குப் பல் துலக்கி. ஒரு பல்லிலும் சொத்தை கிடையாது. கரும்பை யாம் கடிப்பதைப் பிறர் வியந்து பார்ப்பர். அதில் எமக்குச் செருக்கும் உண்டு. முப்பத்தைந்து வயதளவில் பல் துலக்குங்கால் கீழ்வரிசை ஈற்றில் இரத்தம் கசிந்தது. குருதி வரும் இடத்தைத் தொடலாகாது என்று கருதி, அவ்விடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துலக்கினோம். உடலில் சத்துக் குறைவு என்று அண்டை வீட்டார் கூறவே, நெல்லிக்காயும் கொய்யாவும் தவறாமல் உண்டோம். கசிவு நிற்கவில்லை. நாற்பத்தோராம் வயதில் கீழ் முன்பற்கள் இரண்டு ஆடின, பிறகு விழுந்தன. கையில் எடுத்துப் பார்த்தால் முத்துப் போன்ற பற்கள், ஒரு கீறல் இல்லை. பல் மருத்துவர் அவற்றைத் திருப்பிப் பார்த்து, "பல்லின்மேல் குற்றமில்லை ஐயா, அதைத் தாங்கிய ஈறும் எலும்பும் கரைந்துவிட்டன" என்றார்.

சொத்தை வேறு, ஈற்று நோய் வேறு. இதனை அன்றுதான் அறிந்தோம். சொத்தைக்கு மூலம் இனிப்பு; ஈற்று நோய்க்கு மூலம் அகற்றப்படாத அழுக்குப் படலம். முன்னதை உணவினால் பெரிதும் தடுக்கலாம். பின்னதை எவ்வுணவும் தனித்து நின்று தடுக்காது. இவ்வுண்மைக்குச் சான்று கூறியவர்கள் நம்மைப் போன்ற தேயிலைத் தோட்டத் தமிழர்களே. அவர்கள் கதை தமிழர் பலருக்கும் தெரியாதது ஆதலின், சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

ஹரால்டு லோ என்பவர் நார்வே நாட்டுப் பல்மருத்துவ அறிஞர். அவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஈறு நலமாயிருந்த பன்னிருவரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் செய்தார். பத்து நாள் முதல் மூன்று வாரத்திற்குள் பன்னிருவர்க்கும் ஈறு சிவந்து வீங்கிற்று. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்கு வந்தது. உணவை அவர் மாற்றவில்லை, மருந்து கொடுக்கவில்லை. படலம் சேர்ந்தது, நோய் வந்தது. படலம் போயிற்று, நோய் போயிற்று.

அதன்பின் அவர், பல ஆண்டுகள் கவனியாது விட்டால் ஈறு என்னாகும் என்று அறிய விழைந்தார். ஒருபுறம் ஆஸ்லோ நகரத்து மாணவரும் ஆசிரியரும். மூன்று வயது முதல் பல்மருத்துவரின் கண்காணிப்பில் வளர்ந்தவர்கள். மறுபுறம், இலங்கை மலைநாட்டில் டன்சினேன், ஹாரோ என்னும் இரு தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 ஆடவர். தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் வாழும் தோட்டங்கள் அவை. நம் முன்னோர் போடி வழியாக இம்மலை ஏறிய கதைக்கும் அவர்கள் கதைக்கும் பெரிய வேற்றுமை இல்லை. 1970இல் தொடங்கி 1985 வரை அவர்கள் ஈற்றை மீண்டும் மீண்டும் அளந்து எழுதினர்.

கண்டது யாது? அத்தொழிலாளர் பற்களில் சொத்தை ஏறக்குறைய இல்லை. ஆனால் பல் துலக்கும் வழக்கமும் இல்லை. பல்மருத்துவர் முகத்தையே அவர்கள் கண்டதில்லை. ஆஸ்லோ நகரத்தார்க்கு நாற்பது வயதை நெருங்கும்போது ஈற்றின் பிடிமானம் சராசரி ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இறங்கியிருந்தது. தோட்டத்தார்க்கு நாலரை மில்லிமீட்டர். பல்லின் வேர் எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தால் அந்த நாலரையின் பொருள் விளங்கும். சொத்தை இல்லாத பல், நிலம் அரிக்கப்பட்ட மரம் போல் ஆடி விழுந்தது. எம் கீழ்ப்பற்கள் இரண்டும் அவ்வாறுதானே போயின!

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். "எங்கள் பாட்டனார் பிரஷைக் கையால் தொட்டதில்லை, எண்பது வயதிலும் முறுக்குக் கடித்தார்" என்று சொல்லாத வீடு இக்குடியிருப்பில் உண்டா? அப்பாட்டனார் பொய் அல்லர். அவ்வாராய்ச்சியின் இறுதியில் எஞ்சியிருந்தவர்களுள் நூற்றுக்கு 11 பேர்க்கு, துலக்காமலேயே, ஈற்றின் வீக்கத்திற்கு மேல் நோய் செல்லவில்லை. 81 பேர்க்கு நோய் மெல்ல மெல்ல வளர்ந்தது. 8 பேர்க்கு விரைந்து பரவிற்று. ஒரே தோட்டம், ஒரே உணவு, ஒரே உழைப்பு. ஆயினும் ஆளுக்கு ஆள் இவ்வேறுபாடு. உங்கள் பாட்டனார் பதினொருவருள் ஒருவர். நீங்கள் எவருள் ஒருவர் என்பது பல் ஆடிய பிறகுதான் தெரியும் என்றால், அவரைப் பின்பற்றுதல் சூதாட்டம் அன்றோ?

2010ஆம் ஆண்டில் அவர்களுள் 75 பேரைத் தேடிக் கண்டு மறுபடியும் அளந்தனர். நோய் தன் போக்கில் எவ்வாறு நடக்கும் என்று காண்பதே அவ்வாராய்ச்சியின் நோக்கம். அதனால் உலகத்துப் பல்மருத்துவக் கல்லூரிகள் பாடம் பெற்றன. அப்பாடத்தைத் தம் ஈற்றினால் எழுதிக் கொடுத்த தோட்டத்தார்க்குக் கிடைத்தது யாது என்னும் கேள்வி எம் நெஞ்சை உறுத்துகின்றது. அவர்களுக்கு உறவினராகிய நாமேனும் அதைப் படித்துப் பயன் கொள்வது கடன்.

இனி உணவைப் பற்றி. நெல்லியும் கொய்யாவும் வீண் என்று யாம் கூறியதாக எவரும் கொள்ள வேண்டா. உயிர்ச்சத்து 'சி' அறவே இல்லையேல் ஈறு புண்ணாகிப் பல் உதிரும். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், அந்நோயுற்ற மாலுமியர் பன்னிருவர்க்கு வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் எழுந்தனர். ஆனால் நமக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது 65 முதல் 80 மில்லிகிராம். ஒரு நடுத்தரக் கொய்யாப்பழமே அதற்கு மேல் தந்துவிடும். அதற்கு மேலும் உண்பது நாவுக்கு இன்பம். பல்லிடுக்கில் உள்ள படலத்தை அது கரைக்காது. கேழ்வரகு, கீரை, மோர், நிலக்கடலை ஆகியவை எலும்புக்கும் உடலுக்கும் உறுதி. வளரும் பிள்ளைக்கு மாலையில் ரொட்டிப் பொட்டலத்திற்கு மாறாக அவித்த கடலையோ கொய்யாவோ கொடுக்கும் தாய், பல்லுக்கு ஒரு வைத்தியச் செலவை மிச்சப்படுத்துகின்றாள்.

தேநீர் நம் பிழைப்பு. அதைக் குறை சொல்ல எமக்கு வாய் வராது. தேயிலைச் செடி மண்ணிலுள்ள ஃபுளூரைடை இலையில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. அளவோடு கிடைத்தால் அது பல்லின் மேற்பூச்சுக்கு வலிமை. அளவு மிஞ்சினால் பல் பழுப்பேறும். பாலக்காட்டின் கிழக்குப் புறத்துக் கிணற்று நீரைப் பருகி வளர்ந்தவர் சிலரின் பற்களில் அக்கறையைக் காணலாம். அது துலக்காத குற்றம் அன்று. தேநீரில் தீங்கு செய்வது சர்க்கரை. அதிலும் அளவைவிட, எத்தனை முறை என்பதே முதன்மை. ஒவ்வொரு முறை இனிப்பு வாயிற் பட்டதும் நுண்ணுயிர்கள் அதைப் புளிப்பாக்குகின்றன. எச்சில் அதைத் தணிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். காலை முதல் மாலை வரை ஏழு குவளை இனிப்புத் தேநீரை மெல்ல மெல்ல உறிஞ்சுபவர் வாயில் புளிப்பு ஓய்வதே இல்லை. வெல்லத்தால் குற்றமில்லை என்பாரும் உளர். மறையூர் வெல்லத்தின் மணமே மணம்; ஆயினும் நுண்ணுயிர்க்கு வெல்லமும் வெள்ளைச் சர்க்கரையும் ஒன்றே.

வெற்றிலை பாக்கைப் பற்றிப் பேசினால் முதியோர் முகம் சுளிப்பர். குளிரும் மழையும் பொருட்படுத்தாது சரிவில் நிற்பவர்க்கு அதுவே துணை என்பதை அறிவோம். எனினும் புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் தனித்தே புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் அறிவித்தது. கேரளத்தில் திருவனந்தபுரம் வட்டாரச் சிற்றூர்களில் 1996 முதல் 2004 வரை, பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் செய்து கண்ணால் பார்த்தனர். கருவி ஏதும் இல்லை. புகையிலை, மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப் புற்றுநோயால் நேரும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆதலின் பழக்கத்தை விட இயலாத பெரியோர், கண்ணாடி முன் வாயைத் திறந்து வெண்படலமோ ஆறாப் புண்ணோ உண்டா என்றேனும் பார்த்துக்கொள்க. இரு வாரம் ஆறாத புண்ணை மருத்துவர்க்குக் காட்டுக.

துலக்கும் முறைக்கு வருவோம். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது பழமொழி. அங்கே வேல் என்றது கருவேலத்தை. வேம்பு என்று பலர் கொள்கின்றனர். வேம்பு சமவெளி மரம். இக்குளிரில் அது செழிப்பதில்லை. கீழிருந்து கொணர்ந்தால் நன்று. மெல்லிய நாராக மென்று, ஈறும் பல்லும் கூடும் ஓரத்தில், உட்புறத்திலும், பொறுமையாகத் தேய்த்தால் குச்சி பிரஷுக்குத் தோற்காது. குச்சியால் துலக்கும் வழக்கமுள்ள நாட்டார் அதைத் தொடரலாம் என்று உலக நலவாழ்வு அமைப்பே 1986இல் ஏற்றுக்கொண்டது. யாம் செய்த பிழை, முன்பல்லின் வெளிப்புறத்தை மட்டும் பளபளக்கச் செய்து, குச்சியை வாயில் வைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசியதுதான். உமிக்கரியும் செங்கற்பொடியும் பல்லை வெண்மையாக்குவது, அதைத் தேய்த்துக் குறைப்பதனால்.

பிரஷ் கொள்வோர் மென்மையான மயிருடையதை வாங்குக. ஈற்றின் ஓரத்தில் சாய்த்து வைத்துச் சிறு சிறு அசைவாக இரண்டு நிமிடம் துலக்குக. ஃபுளூரைடு கலந்த பற்பசை சொத்தைக்குத் தடை. இரவில் உறங்குமுன் துலக்குவது காலையில் துலக்குவதினும் மேல்; உறக்கத்தில் எச்சில் குறைந்துவிடுகின்றது. இரத்தம் வரும் இடமே நன்கு துலக்க வேண்டிய இடம். ஒரு வாரம், பத்து நாளில் கசிவு நிற்காவிட்டால் அங்கே காரை இறுகியுள்ளது என்று கொள்க. அதை மருத்துவர் கருவியால்தான் எடுக்க இயலும். காரை எடுத்தால் பல் ஆடும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. எலும்பு கரைந்த இடத்தில் காரை சுவர் போல் முட்டுக் கொடுத்து நிற்பதனால், அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படுகின்றது, அவ்வளவே. கிராம்புத் தைலம் வலியை மரக்கச் செய்யும், நோயைத் தீர்க்காது. நீரிழிவு உடையவர்க்கு ஈற்று நோய் எளிதில் பற்றும் ஆதலின், அவர்கள் இருமடங்கு கவனம் கொள்க.

எம் தமக்கையார்க்குக் கீழ்ப்பற்கள் ஆடத் தொடங்கியதைச் சென்ற ஆண்டு விழாவிற்கு வந்தபோது கண்டோம். "வயதானால் பல் ஆடத்தானே செய்யும், தம்பி" என்றார். "அக்கா, உமக்கு வயது நாற்பத்தெட்டு" என்றோம். அரை நாள் கூலி போகும் என்று தயங்கியவரை வற்புறுத்தி மலையிறக்கி, காரையை எடுக்கச் செய்தோம். வந்த வாரமே பல் கூடுதலாய் ஆடுகின்றது என்று எம்மைக் கடிந்து கொண்டார். இரவுதோறும் துலக்குவதை மட்டும் விடவில்லை. இப்போது அவர் இவ்வவையின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஈற்றில் இரத்தம் வருவதில்லை. நான்கு பற்கள் இன்னும் ஆடுகின்றன, ஐந்தாவது ஆடவில்லை.