வந்து போகும் ஆசிரியர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பட்டதாரிகளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தபோது முதலில் தயங்கினோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டும் ஓர் எழுத்தருக்கு, பட்டதாரிகளிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று எண்ணினோம். ஆயினும் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று உண்டு, அதனால் இசைந்தோம்.

சென்ற நவராத்திரியில் நம் காலனியில் ஒரு வீட்டுக் கொலுவுக்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டுப் பெண் அப்போதுதான் பி.எஸ்சி. தேறியிருந்தாள். சுண்டலைக் கொடுத்துவிட்டு, “மாமா, இரண்டு வருஷம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகலாம் என்றிருக்கிறேன். அப்பா வேண்டாம் என்கிறார். நீங்களே சொல்லுங்கள்” என்றாள். அவள் தந்தையார் குறுக்கிட்டார்: “போகட்டும். வயதும் போகும், பாங்குப் பரீட்சையும் போகும். அதனால் அந்தப் பள்ளிக்கூடமாவது உருப்படுமா? அதைச் சொல்லுங்கள்” என்றார். நாம் விடை கூறவில்லை. சுண்டலை உண்டுவிட்டு வீடு திரும்பினோம். அன்று சொல்லாத விடையே இன்றைய உரை.

இம்முறை எங்கே தோன்றியது என்பதை முதலில் சுருங்கக் கூறுவோம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்ற வெண்டி காப் என்னும் மாணவி, 1989-இல் தம் பட்டப் படிப்பின் இறுதிக் கட்டுரையாக ஒரு திட்டத்தை எழுதினார். நன்கு படித்த இளைஞர்கள், வேறு தொழிலுக்குப் போகுமுன், இரண்டாண்டுக் காலம் ஆசிரியர் கிடைக்காத பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்பது அத்திட்டம். மறு ஆண்டே ஏறத்தாழ 500 பட்டதாரிகள் சில வாரப் பயிற்சியோடு வகுப்பறைக்குள் நுழைந்தனர். ‘டீச் ஃபார் அமெரிக்கா’ என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தில் 2002-இல் ‘டீச் ஃபர்ஸ்ட்’ எழுந்தது. நம் நாட்டில் ஷாஹீன் மிஸ்திரி அம்மையாரின் முயற்சியால் ‘டீச் ஃபார் இந்தியா’ தோன்றி, 2009-இல் அதன் முதல் அணி மும்பையிலும் புனேயிலும் பணி தொடங்கியது. பின்னர் அது சென்னைக்கும், நம் கொல்கத்தாவுக்கும் வந்தது.

இந்தப் பெயர்கள் எதுவும் காதில் விழாத காலத்திலேயே, இத்தகைய ஆசிரியர் ஒருவரிடம் நாம் படித்திருக்கிறோம். ஆண்டு 1995. காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. கணித ஆசிரியர் இடம் நெடுநாளாகக் காலியாக இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் ஊரில் பணம் திரட்டி, கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கணிதப் பட்டதாரி ஒருவரைச் சொற்பச் சம்பளத்தில் அமர்த்தினர். எங்கள் கடைசிப் பெஞ்சு மாணவருக்கும் அவருக்கும் உயரத்தில் வேறுபாடு இல்லை. சைக்கிளில் வருவார். முதல் நாளே பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “உங்கள் வீட்டு நெல்லுக்கு வியாபாரி மூட்டைக்கு எத்தனை கிலோ ஈரக் கழிவு பிடித்தான்?” என்று கேட்டார். ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொன்னோம். “அது நூற்றுக்கு எவ்வளவு?” என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று மாலை எங்களில் பலர் வீட்டில் தகப்பனாருக்கு விழுக்காடு கற்பித்தோம். கணக்கு என்பது தண்டனை அன்று, நம்மை ஏமாறாமல் காப்பது என்று தெரிந்துகொண்ட நாள் அது.

பத்தாம் வகுப்பில், அடுத்த ஆண்டு டிசம்பரில், அவருக்கு நிலையான வேலைக்கு உத்தரவு வந்தது. மாணவர்கள் காசு சேர்த்து ஒரு பேனா வாங்கிக் கொடுத்தோம். அவர் கண் கலங்கினார், மறுநாள் வரவில்லை.

அதன் பின்னர்தான் ஓர் உண்மை வெளிப்பட்டது. பின்னக் கணக்கில் நாங்கள் மெலிந்திருந்ததால், வடிவியலைத் தள்ளிவைத்துவிட்டு அடிப்படையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தார் அவர். எவன் எதில் பின்தங்கியவன், எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி என்பதெல்லாம் அவர் மனத்தில் மட்டுமே இருந்தன. ஒரு துண்டுத் தாளிலும் இல்லை. கணக்குப் பீரியடுக்கு உடற்பயிற்சி ஆசிரியர் வந்து அமர்ந்து, பயிற்சிக் கணக்குகளை நோட்டில் எழுதச் சொன்னார். மார்ச்சில் தேர்வு. 42 பேரில் 17 பேர் கணிதத்தில் தவறினர். நாம் தேறினோம். பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பன் 32 மதிப்பெண் பெற்றான். தேறுவதற்கு 35 வேண்டும். அவன் மறுமுறை எழுதவில்லை. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அந்த மூன்று மதிப்பெண்ணின் இப்புறத்தில் நாம் அரசு நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம்.

அந்த ஆசிரியரை நாம் குறை கூறுவோமா? கூறமாட்டோம். அவர் தந்த விழுக்காட்டுக் கணக்கைக் கொண்டே இன்றும் பிழைக்கிறோம். வயிற்றுக்குப் போதாத சம்பளத்தில் இருந்தவர் நல்ல வேலைக்குப் போனது குற்றமன்று. யாரிடமும் எதையும் ஒப்படைக்காமல் அவர் போகும்படி விட்ட ஏற்பாடே குற்றம்.

நமது ரயில்வேயில் நடப்பதைப் பாருங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், தம் எட்டு மணி நேர முறை முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விட முடியுமா? எந்தத் தடத்தில் எந்த வண்டி நிற்கிறது, எந்த வண்டிக்கு வழி விடப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் ஏட்டில் எழுதி, அடுத்தவர் அதைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே நாற்காலியை விடுவார். ஆள் மாறலாம், பொறுப்பில் ஒரு நிமிடமும் இடைவெளி விழலாகாது. வண்டிக்கு உள்ள இந்தக் காவல் குழந்தைகளின் படிப்புக்கு வேண்டாமா?

இனி, தந்தையார் கேட்ட கேள்விக்கு வருவோம். இரண்டாண்டு ஆசிரியர்களால் பள்ளி உருப்படுமா? அமெரிக்காவில் 2004-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அவர்களிடம் படித்த பிள்ளைகள் கணிதத்தில் சற்றே முன்னேறினர் என்றும், வாசிப்பில் வேறுபாடு இல்லை என்றும் கூறியது. மறு ஆண்டு ஹூஸ்டன் நகரப் பள்ளிகளை ஆராய்ந்தவர்களோ, முறையான பயிற்சிச் சான்று பெற்ற ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகளே மேலான பயன் அடைந்தனர் என்றனர். ஆக, இளைஞரின் ஆர்வம் பயனற்றதன்று. ஆனால் பயிற்சிக்கும் நிலைத்த பணிக்கும் அது ஈடாகாது.

இதை நம் வங்காளம் அறிந்த அளவு வேறு யாரும் அறியார். 2016-ஆம் ஆண்டு ஆசிரியர் தேர்வில் நடந்த முறைகேடுகளை முன்னிட்டு, கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 22 அன்று நியமனங்களை ரத்து செய்தது. 2025 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆசிரியர்களும் ஊழியர்களுமாக ஏறத்தாழ 25,750 பேர் ஒரே நாளில் பணி இழந்தனர். பணம் கொடுத்து வந்தவரும் இருந்தனர். இரவெல்லாம் படித்து நேர்மையாகத் தேறியவரும் இருந்தனர். குறை நிறுவப்படாத ஆசிரியர்கள் சில காலம் தொடரலாம் என்று ஏப்ரல் 17 அன்று அனுமதி கிடைத்தது. புதிய தேர்வு செப்டம்பரில் நடந்தது. ஆனால் அந்த ஏப்ரலில், கணக்கும் அறிவியலும் சொல்லித்தர ஆளின்றி எத்தனை வகுப்புகள் நின்றன! ஆசிரியர் இடத்தை விலைப்பொருளாக்கினால் அந்த விலையை இறுதியில் கட்டுவது பிள்ளைகளே. ஆதலின், இரண்டாண்டு இளைஞர்கள் வருகிறார்கள் என்பதைக் காட்டி, நிலையான இடங்களை நிரப்பாமல் விட எவருக்கும் உரிமை இல்லை.

இந்நகரத்தின் பெருமகனார் ஈசுவர சந்திர வித்யாசாகரர் இதனை அன்றே உணர்ந்திருந்தார். 1855-இல் நதியா, வர்த்தமான், ஹூக்ளி, மிதுனப்பூர் ஆகிய மாவட்டங்களில் 20 மாதிரிப் பள்ளிகளை நிறுவும் பொறுப்பு அவருக்கு வந்தது. அவர் முதலில் செய்தது யாது? அவ்வாண்டு ஜூலையில் கல்லூரித் தெருவில், தாம் முதல்வராக இருந்த சமஸ்கிருதக் கல்லூரியிலேயே, ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்றைத் திறந்தார். அதற்கு அட்சய குமார் தத்தரைத் தலைமை ஆசிரியராக அமர்த்தினார். ஆசிரியரை ஆக்கிய பிறகே பள்ளியைத் திறந்தார். பின்னர் 1857, 58-இல் பெண் குழந்தைகளுக்காக 35 பள்ளிகளைத் திறந்தபோது, அரசு நிலையான பொருளுதவி தர மறுத்தது. அப்பள்ளிகளைக் காப்பாற்ற அவர் நன்கொடை திரட்ட வேண்டியதாயிற்று. அத்துணைப் பெரியவரின் நல்லெண்ணத்திற்கே நிலையான சம்பளத்தின் துணை வேண்டியிருந்தது என்றால், நம் போன்றோர் எம்மாத்திரம்?

நம் தாயகத்திலிருந்தும் ஒரு பாடம் உண்டு. கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்த பின்னர், தமிழ்நாட்டு அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் கற்பித்தனர். தமிழ்நாட்டில் 19,000 குழந்தைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் கூறுவது இது: இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது, அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. அவர்கள் தொலைவிலிருந்து வந்தவர்கள் அல்லர். அதே தெருவில் குடியிருந்தவர்கள். பிள்ளை ஒரு நாள் வராவிட்டால், வாசலில் நின்று ஏன் என்று கேட்கக் கூடியவர்கள்.

பெரியோர்களே, இதில்தான் நமக்கும் ஒரு பணி இருக்கிறது. நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாய்மார்களின் பிள்ளைகளும், நம் துணிகளுக்கு இஸ்திரி போடுவோரின் பிள்ளைகளும் அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளோ இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வங்காளியும் இந்தியும் தமிழைப் போலவே பேசுகிறார்கள். நமது சங்கக் கூடம் வாரத்தில் ஐந்து மாலைகள் பூட்டிக் கிடக்கிறது. அதில் இரண்டு மாலைகளை அப்பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாமே! முதலில் அப்பள்ளித் தலைமை ஆசிரியரைக் கண்டு, அவருக்கு வேண்டிய உதவி யாது என்று கேட்போம். அவருக்குக் கற்பிக்க நாம் போகவில்லை. அவருக்குத் துணை நிற்கவே போகிறோம். இருவர் இருவராகப் பொறுப்பேற்போம். ஒருவருக்கு வேலை கிடைத்து ஊர் மாறினாலும் மற்றவர் இருப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வைப்போம். எது தெரியும், எது தெரியாது, எதற்கு அழும், எதற்குச் சிரிக்கும் என்பதை அதில் எழுதுவோம். பள்ளி ஆண்டின் நடுவில் எவரும் விலகுவதில்லை என்று உறுதி கொள்வோம்.

இனி அப்பெண்ணுக்கு விடை. அவள் இந்த அவையில் இருக்கிறாள், தந்தையாரும் இருக்கிறார்.

அம்மா, நீ போய் வா. ஆனால் பள்ளியை உய்விக்கப் போவதாக எண்ணிப் போகாதே. அங்கே இருபது ஆண்டு சுண்ணக்கட்டி பிடித்த ஓர் ஆசிரியை இருப்பார். முதல் மாதம் அவரிடம் கற்றுக்கொள். திரும்பும்போது, வகுப்பின் நிலையை எழுதி அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வா. வந்த பின், எந்த அலுவலகத்தில் அமர்ந்தாலும், ஆசிரியர் இடம் ஒன்று காலி என்று கேட்டால் உன் சொந்த வீட்டுக் கூரை ஒழுகுவதாகக் கருதிக் குரல் கொடு.

ஐயா, உங்களுக்கும் ஒரு சொல். வயது போகும் என்றீர்கள். அது எங்கிருந்தாலும் போகும். பாங்குப் பரீட்சை இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மார்ச் மாதம் காத்திராது. அந்தப் பள்ளிக்கூடம் உருப்படுமா என்று கேட்டீர்கள். முழுப் பள்ளியும் உருப்படும் என்று நம்மால் சொல்ல இயலாது. 32 மதிப்பெண்ணில் நிற்கும் ஒரு பிள்ளை 35-ஐத் தொடக் கூடும். அந்த மூன்று மதிப்பெண்ணின் மதிப்பு இன்னதென்று நமக்குத் தெரியும்.

கூடத்தின் சாவியைச் செயலாளர் அவர்களிடம் கேட்டுக்கொண்டு அமைகிறோம்.