நம்ம கடையைப் பத்தி நாமதான் எழுதணும்

(கூட்டமைப்பு விழாவில் சத்துமாவுத் தொழில் செய்யும் குழுவின் ஊக்குநர் ஆற்றிய உரை)



தமிழ்நாட்டிலேயே முதன்முதலில் சுய உதவிக் குழு ஆரம்பித்தது 1989-ல், நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தக் காலத்தில் என் அம்மா குழுவில் சேர்ந்து முதலில் கற்றுக்கொண்டது கையெழுத்துப் போட. கைநாட்டு வைத்த கை, தீர்மான நோட்டில் பெயர் எழுதியது. இன்றைக்கு நான் பேச வந்ததும் எழுதுவதைப் பற்றித்தான். எங்கள் குழு வெப்சைட் ஆரம்பித்த கதையைச் சொல்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நாங்கள் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் 12 பேர். சத்துமாவு, கேழ்வரகு மாவு, பருப்புப் பொடி, இட்லிப் பொடி செய்கிறோம். கண்காட்சியில் ஸ்டால் போடும்போதெல்லாம், "வெப்சைட் இருக்காம்மா? ஊருக்குப் போயும் வாங்கணும்"னு கேட்பார்கள். சரி, நாமும் ஒன்று வைப்போம் என்று குழுவில் தீர்மானம் போட்டு, ஒரு தம்பியிடம் முன்பணம் கொடுத்தோம்.

அவர் ஒரு வாரத்தில் போன் செய்து, "அக்கா, கன்டென்ட் அனுப்புங்க"ன்னார். எனக்குப் புரியவில்லை. "அதெல்லாம் நீங்கதானே தம்பி செய்யணும்? அதுக்குத்தானே பணம் கொடுத்தோம்?" என்றேன். "நான் கடையைக் கட்டித் தருவேன்கா. உள்ளே வைக்கிற சரக்கைப் பத்தி நீங்கதான் எழுதித் தரணும். பொருள் பேரு, விலை, போட்டோ, உங்களைப் பத்தி நாலு வரி..." என்றார். "அனுப்புறோம் தம்பி" என்று சொல்லி வைத்தேன். மூன்று மாதம் அனுப்பவில்லை. களை எடுப்பு வந்தது, திருவிழா வந்தது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தது. எழுத உட்காரத்தான் நேரம் வரவில்லை.

கடைசியில் அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு எங்கிருந்தோ எடுத்து நிரப்பிவிட்டார். "பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட 12 வகை தானியங்கள் கொண்ட சத்துமாவு. சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று இருந்தது. பார்க்க அழகாக இருந்ததால் நாங்களும் சந்தோஷமாக ஸ்டேட்டஸில் வைத்தோம். ஒருத்தரும் வரி வரியாகப் படிக்கவில்லை. அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். நாங்கள் எழுதவில்லை, அவர் இட்டு நிரப்பினார்.

ஒருநாள் மத்தியானம் ஒரு போன். கோயம்புத்தூரில் இருந்து ஒரு பொண்ணு. "அக்கா, சத்துமாவு வந்துச்சு. 12 தானியம்னு போட்டிருக்கீங்க, என்னென்னன்னு போடலையே. இதுல வேர்க்கடலை இருக்கா? என் பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. ஒருதடவை மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம்"னு கேட்டாங்க.

நான் யோசிக்கவே இல்லை. "இல்லம்மா, நம்ம மாவுல வேர்க்கடலை கிடையாது, தைரியமா கொடுங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

வறுத்துக்கொண்டிருந்த அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்தார். "என்ன சொன்ன நீ? வேர்க்கடலை போடுறோமே. முந்திரி விலை ஏறினதிலிருந்து பாதிக்குப் பாதி வேர்க்கடலைதானே போடுறோம். நீதானே கூட்டத்துல சரின்னு சொன்ன?"

எனக்குக் கை கால் ஓடவில்லை. திரும்பப் போன் அடித்தால் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார். கஞ்சி காய்ச்சி ஆற வைத்திருந்தாராம். "கொடுத்துடாதீங்கம்மா, இருக்கு, நான் தப்பா சொல்லிட்டேன்" என்று அழுதுவிட்டேன். அந்தப் பொண்ணு திட்டவில்லை. "இதை வெப்சைட்ல எழுதியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேனே அக்கா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று சாயங்காலமே தம்பியிடம் சொல்லி அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னோம். அதற்கப்புறம் நாலு வாரக் கூட்டத்தில், சேமிப்பு வசூல் முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்தோம்.

சத்துமாவில் ஆரம்பித்தோம். என்னென்ன போடுகிறோம் என்று கேட்டால் 12 பேரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. கடைசியில் வறுக்கிற அக்காவையே ஒரு ஈடுக்கு அளந்து போடச் சொல்லி, தராசில் வைத்து எழுதினோம். எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில். உணவுப் பொருளின் லேபிளுக்கும் அதே வரிசைதான் முறை. அதற்குக் கீழே தனி வரியாக, "வேர்க்கடலை, முந்திரி, கோதுமை சேர்ந்தது" என்று எழுதினோம். பருப்புப் பொடியில் வேர்க்கடலை இல்லை. ஆனால் அதே மிஷினில்தான் அரைக்கிறோம். அதையும் எழுதினோம்.

அப்புறம் எடை. அரை கிலோ என்று விற்கிறோம். ஆனால் தராசில் கவரோடு சேர்த்துத்தான் 500 கிராம் வைத்திருந்தோம். நிகர எடை என்றால் உள்ளே இருக்கிற மாவு மட்டும்தான். கவர் கனம் வாங்குகிறவர் தலையில் விழுந்திருக்கிறது, இத்தனை நாள் நமக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து காலிக் கவரை வைத்து தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு அளக்கிறோம்.

அப்புறம் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்ற கேள்வி. ஒருத்தர் ஆறு மாதம் என்றார், ஒருத்தர் மூன்று மாதம் என்றார். பழைய பாக்கெட்டுகளை உடைத்து மோந்து பார்த்தோம். வேர்க்கடலை சேர்ந்ததில் சீக்கிரமே சிக்கு வாடை வந்திருந்தது. குறைந்த கணக்கையே எழுதினோம்.

சர்க்கரை நோய் குணமாகும் என்ற வரியை அடித்தோம். உணவுப் பொருளை விற்கிறவர் நோயைத் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்காது. சட்டத்தை விடுங்கள். அந்த வரியை நம்பி ஒருத்தர் மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? அதற்குப் பதிலாக கஞ்சி காய்ச்சும் முறையை எழுதினோம். எத்தனை ஸ்பூன் மாவு, எவ்வளவு தண்ணீர், முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும் என்று. போனில் நாங்கள் தினமும் சொல்வதுதான் அது. எழுதி வைத்த பிறகு அந்தப் போன்கள் குறைந்துவிட்டன.

'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்கு என் மகள் முதலில், "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எழுதினாள். பொருளாளர் அக்கா படித்துவிட்டு, "இதை சிமெண்டுக் கடைக்காரனும்தானே எழுதுவான்?" என்று கேட்டார். அதை எடுத்துவிட்டு, கேழ்வரகு எங்கிருந்து வாங்குகிறோம், யார் சலித்துக் கல் பொறுக்குகிறோம், என்றைக்கு அரைக்கிறோம், எத்தனை வருஷமாகக் குழு நடக்கிறது என்று எழுதினோம். போட்டோ போடுவதற்கு முன் ஒவ்வொருத்தரிடமும் கேட்டோம். ஒரு தங்கச்சி, "என் படம் வேண்டாம்கா, வீட்டுல பிரச்சனை வரும்" என்றாள். அவள் மாவு சலிக்கும் கையை மட்டும் எடுத்தோம். இப்போது பார்க்கிறவர்கள் எல்லோரும் நல்லா இருக்கு என்று சொல்வது அந்தப் படத்தைத்தான்.

பொருளின் போட்டோவுக்கு ஸ்டுடியோ தேடவில்லை. காலை எட்டு மணிக்குத் திண்ணையில் வெள்ளை வேட்டி விரித்து, வெயில் நேராகப் படாத இடத்தில் செல்போனில் எடுத்தோம். வீட்டுக்குப் போய்ச் சேரும் அதே பாக்கெட்டைத்தான் எடுத்தோம். லேபிளின் பின்பக்கத்தையும் எழுத்துத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தோம்.

இன்னும் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணில் 14 இலக்கம். ஒன்று மாறினாலும் அது வேறு யாருடையதோ ஆகிவிடும். இரண்டு பேர் படித்துச் சரி பாருங்கள். விலை என்றால் எல்லா வரிகளும் சேர்ந்த விலை. தபால் செலவு தனி என்றால் தனி என்று பளிச்சென்று எழுதுங்கள். எத்தனை நாளில் போய்ச் சேரும், பாக்கெட் உடைந்து வந்தால் என்ன செய்வோம், யாரிடம் புகார் சொல்வது, எல்லாம் இருக்க வேண்டும். போன் நம்பருக்கு உங்கள் சொந்த நம்பரைக் கொடுக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு வரும் போன் எல்லாம் மாவு கேட்டு வருவதில்லை. குழுவுக்கென்று ஒரு சிம் வாங்கி, "காலை 10 முதல் மாலை 5 வரை" என்று எழுதுங்கள். வெப்சைட் பெயரைக் குழுவின் பெயரில் பதியச் சொல்லுங்கள். பாஸ்வேர்டையும் புதுப்பிக்கும் தேதியையும் கணக்கு நோட்டோடு பீரோவில் வையுங்கள்.

செய்முறையில் ஒரு சாமான் மாறினால், அன்றைக்கே நோட்டில் எழுதி, லேபிளிலும் வெப்சைட்டிலும் மாற்ற வேண்டும் என்று இப்போது தீர்மானமே போட்டு வைத்திருக்கிறோம். அந்த வேலை என் பொறுப்பு.

வெப்சைட்டால் நாங்கள் லட்சாதிபதி ஆகிவிடவில்லை. ஆனால் வாங்கினவர்கள் திரும்ப வாங்குகிறார்கள். கோயம்புத்தூர்ப் பொண்ணும் வாங்குகிறார். வேர்க்கடலை போடாமல், மிஷினைக் கழுவிக் காய வைத்து, முதல் ஈடாக அரைத்துத் தருவதாகச் சொன்னோம். "வேண்டாம்கா, அதே மிஷின்னா பயமா இருக்கு. எனக்கும் மாமியாருக்கும் மட்டும் இட்லிப் பொடி அனுப்புங்க"ன்னார். சரி என்று அனுப்புகிறோம்.

சகோதரிகளே, கம்ப்யூட்டர் வேலையைத் தம்பிமார்கள் பார்த்துக்கொள்வார்கள். நம்ம மாவில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, அதை நாமதான் எழுதணும். இந்த வாரக் கூட்டத்தில் வசூல் முடிந்ததும் ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் ஒரே ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்ததும், அதைச் செய்கிற அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் தலையாட்டிய பிறகு, என் அம்மா கற்றுக்கொண்ட மாதிரி, கீழே எல்லோரும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.