எந்தப் பக்கம் நம்ம தெரு?

(நெய்வேலி நகரியத்தில் தோழர்கள், மாணவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன நூற்றாண்டைப் பற்றி அதில் வாழ்ந்த ஒரு ஆள் பேசணும்னு கூப்பிட்டீங்க. நான் புத்தகம் படித்துப் பேசுகிறவன் இல்லை. மண்வெட்டியும், அப்புறம் ஸ்பானரும் பிடித்த கை இது.

1956-ஐ எடுத்துக்குங்க. எனக்குப் பதினாலு வயசு. அக்டோபர் 14-இல் நாக்பூரில் பாபாசாகேப் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். நவம்பர் 14-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. டிசம்பர் 6-இல் பாபாசாகேப் மறைந்தார். இரண்டு மாசத்துக்குள் மூன்று சேதி. எங்க சேரிக்கு வந்தது ஒண்ணுதான்: கரி எடுக்கப் போறாங்களாம். மற்ற இரண்டும் எங்களிடம் வந்துசேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

அந்தச் செம்மண்ணில் மல்லாட்டை போட்டது, கம்பு விதைச்சது, களை எடுத்தது எல்லாம் எங்க சனம். பட்டா ஆண்டைக்கு. எங்களுக்கு மரக்கால் கணக்கில் கூலி. அதையும் கையில் தரமாட்டான். உயரத் தூக்கிப் போடுவான், அம்மா முந்தானையை ஏந்தணும். சிந்தினதைக் குனிந்து பொறுக்கணும். நிலத்தை எடுத்தபோது 1894-இல் வெள்ளைக்காரன் போட்ட நிலமெடுப்புச் சட்டம்தான் நாட்டில் நடப்பில் இருந்தது. அதன் கண்ணுக்குப் பட்டாக்காரன் தெரிவான், உழுதவன் தெரியமாட்டான். விவசாயக் கூலியும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று மத்தியச் சட்டத்தில் எழுத 2013 வரை ஆச்சு. எங்கப்பா அதுக்கு ரொம்ப முன்னாடியே மண்ணுக்குள்ள போயிட்டார்.

நான் 1962-இல் சுரங்கத்தில் கூலியாகச் சேர்ந்தேன். முந்தின வருஷம் ஆகஸ்டில்தான் கரி கண்ணுக்குத் தெரிந்திருந்தது. சக்கரத்தில் வாளி வாளியாகக் கட்டின ஜெர்மன் எந்திரம் மேல்மண்ணை வாரிப் போடும். அடியிலிருந்து பொங்குகிற ஊற்றுத் தண்ணியை ராப்பகலா பம்பு வைத்து இறைக்கணும், இல்லேன்னா சுரங்கமே ஏரியாயிடும். சோவியத் உதவியில் கட்டின முதல் அனல்மின் நிலையமும் அந்த வருஷமே ஓட ஆரம்பித்தது. (2020 செப்டம்பரில் அதை நிறுத்தினப்ப நான் அழுதேன். சிரிக்காதீங்க.)

வாசலில் வந்து ஆண்டை “டேய்” என்று கூப்பிட்டது போய், சங்கு ஊதியது. எட்டு மணி நேர வேலை. முதல் சம்பளத்தைக் காசாளர் எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். அவர் விரல் என் கையில் பட்டது. எனக்குச் சுதந்திரம் அந்த நாள்தான், 1947 இல்லை.

பிறகு நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இங்கே ஊர், சேரி கிடையாது. வட்டம், அதுக்கொரு நம்பர். அம்மாவை அழைத்து வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் கேட்டாள்: “எந்தப் பக்கம்டா நம்ம தெரு?” இங்க அப்படியெல்லாம் இல்லம்மா என்றேன். நம்பலை. சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசல் வழியாத்தான் வீட்டுக்குள் வந்தாள்.

நான் முன்வாசலில் போனேன், பொய் சொல்லிக்கொண்டு. “சொந்த ஊர் எது?” என்று கேட்பார்கள். சொன்னால் அடுத்த கேள்வி, “அங்க எந்தத் தெரு?” அதனால் விருத்தாசலம் பக்கம் என்று நிறுத்திக்கொள்வேன். மாட்டுக்கறி ஆக்குகிற நாளில் ஜன்னலைச் சாத்துவோம். யாராவது வந்தால் அம்மாவை உள்ரூமில் இருக்கச் சொல்வேன், அவ பேச்சு காட்டிக்கொடுத்துடும்னு. அவளும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போவாள். நகரியத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. ஒழியலை தோழர்களே, ஒளிஞ்சுது. ஒளிச்சு வச்சவன்ல நானும் ஒருத்தன். 1978-இல் விழுப்புரத்தில் நம்ம ஆளுங்க பன்னிரண்டு பேரைக் கொன்றபோது, ஷிப்டில் எல்லாரும் அதையே பேசினாங்க. நான் வாயைத் திறக்கலை.

1991, அம்பேத்கர் நூற்றாண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் பாபாசாகேப் படம் ஒன்றைக் கொண்டுவந்து முன்கூடத்தில் மாட்டினாள். உள்ரூமில் மாட்டும்மா என்றேன்.

“ஆயாவை வச்சிருந்தியே, அந்த ரூம்லயா?” என்றாள்.

அம்மா செத்து அப்போது மூணு வருஷம். படம் முன்கூடத்திலேயே இருந்தது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். பத்து வருஷமா எங்க வீட்டில் காபி குடிக்கிறவர். படத்தைப் பார்த்தார். இன்னைக்குக் காபி வேணாம் என்றார்.