உணவுச் சங்கிலியில் நம் கண்ணி

(மகாவீரர் செயந்தி விழாவையொட்டி வியாசர்பாடியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



2024ஆம் ஆண்டு பொங்கல் நாளில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பம் ஒன்றில் பிறந்து, வலைவீசிக் குடும்பம் காப்பவர். அதற்கு முந்தைய மாதம்தான், மிக்ஜாம் புயலின் பெருமழையை அடுத்து, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளநீரோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்திருந்தது. படகும் வலையும் கருத்துப் போயின. பிடித்த மீனை வாங்குவாரில்லை. கரும்புக் கட்டோடு வந்தவர், பேச்சினிடையே ஒரு வினா எழுப்பினார்: "சார், நீங்க மீன் சாப்பிடாதவரு. எங்க ஆறு செத்தா உங்களுக்கு என்ன சார் நட்டம்?"

அன்று நான் கூறிய ஆறுதல் மொழி எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்த வினாவுக்குரிய விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

உயிர்களை ஓரறிவு முதலாக வகுத்துக் காண்பது நம் சமயத்தின் அடிப்படை. தொல்காப்பிய மரபியலும் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. இன்றைய உயிரியல் அதே உயிர்களை வேறொரு நோக்கில் அடுக்குகிறது. எது எதனை உண்டு வாழ்கிறது என்பதே அதன் வினா. கதிரவனின் ஒளியைப் பசுந்தாவரம் உணவாக்குகிறது. அதனை உண்பது ஓருயிர். அவ்வுயிரை உண்பது மற்றோர் உயிர். ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே அடுத்த படிக்குச் செல்கிறது. எனவே அடிப்படி சிறிது சரிந்தாலும் மேற்படி பெரிதும் தளரும்.

கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூரில் இதனைக் கண்ணாரக் காணலாம். அலையாத்தி மரத்தின் இலை சேற்றில் உதிர்ந்து மட்குகிறது. அந்த மட்கைப் புழுவும் நண்டும் இறாலும் உண்கின்றன. அவற்றை மீன் உண்கிறது. மீனைக் கூழைக்கடாவும் மனிதரும் உண்கின்றனர். அலையாத்தி, சேற்றுக்கு மேல் நீட்டிய வேர்களால் மூச்சு விடும் மரம். எண்ணெய் அவ்வேர்களின் மேல் படிந்தால் மரத்துக்கு மூச்சு முட்டும். இலை உதிராத சேற்றில் இறால் இல்லை. இறால் இல்லாத நீரில் மீன் இல்லை. அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து ஏற்கெனவே ஆழம் குறைந்த கழிமுகம் அது. அந்த மின்சாரத்தில்தான் நம் வீட்டு விளக்கும் எரிகிறது.

"நாம் ஊன் உண்ணாதவர், இச்சங்கிலிக்கு வெளியே நிற்பவர்" என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் நெல் விளைத்த வேளாண் மக்கள். இன்றும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே நிலமுண்டு. அந்நிலத்தில் இடும் யூரியா எங்கிருந்து வருகிறது? இங்கிருந்து சில கல் தொலைவிலுள்ள மணலியில், 1971 முதல் உர ஆலை இயங்கி வருகிறது. காற்றிலுள்ள நைட்ரசனையும், எரிபொருளிலிருந்து பெறும் ஐதரசனையும் இணைத்து அம்மோனியா ஆக்கி, அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். முன்பு நாப்தாவைக் கொண்டு இயங்கிய அவ்வாலைக்கு, 2019 முதல் இயற்கை எரிவாயு பயன்படுகிறது. அவ்வாயு எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்குகிறது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இவ்வாறு ஆலையில் செய்த நைட்ரசனைச் சார்ந்தது என்பர் அறிஞர்.

ஆகவே நம் இலையில் விழும் சோற்றுக்கும் எண்ணூர் ஒரு கண்ணி. உக்ரைனில் போர் மூண்ட 2022இல் எரிவாயு விலையும் உர விலையும் உலகெங்கும் ஏறின. அவ்வாண்டு மே மாதம் நம் நாடு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. கருங்கடற் கரையில் நிகழ்ந்த போர், காணாத நாட்டு அடுப்புகளைத் தொட்டது.

உணவு விளைந்தால் மட்டும் பசி தீர்ந்துவிடுமா? நம் வியாசர்பாடியை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயே இதற்கும் விடை கூறும். அதன் வடபகுதி 1806இல் எண்ணூர் வரை வெட்டப்பட்டது. தாது வருடப் பஞ்சம் எனப் பெரியோர் கூறும் 1876-78 பஞ்சத்தின்போது, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதியைப் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டினார்கள். 1877இன் தொடக்கத்தில், நிவாரணப் பணியில் உழைத்த ஓர் ஆணுக்கு நாட்கூலி சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும். அதே காலத்தில் நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது. அப்பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்துக்கும் மேல். தானியம் இருந்தது, அதை வாங்கும் வலிமை ஏழையின் கையில் இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையையே விளக்கினார்.

கழிமுகத்து மீனவர்க்கு நேர்ந்ததும் அதன் சாயலே. மீன் குறைந்தால் அவருக்கு உணவும் போகிறது, அரிசி வாங்கும் காசும் போகிறது. பசித்த பெருங்கூலியாட்கள் வெட்டிய கால்வாயோடு இணைந்த அதே நீர்வழி, 2023இல் இன்னொரு மக்களின் பசிக்கு வழியாயிற்று.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைத் தானங்களை நம் சமயம் வகுத்துள்ளது. பசித்தவர்க்குச் சோறிடுவது உணவுத் தானம்; பிறர் சோறு பெறும் நீரையும் நிலத்தையும் கெடுக்காதிருப்பதும் அதன் முதற்படியே. நாம் செய்யத்தக்கவை எளியவை. ஊரில் நிலமுடையோர் மண்ணைச் சோதித்து அளவறிந்து யூரியா இடுங்கள். மிகையாக இட்டது ஏரிக்கும் கிணற்றுக்கும் நஞ்சு. நம் பகுதியில் வாகனப் பட்டறை நடத்துவோர், கழிவெண்ணெயை வடிகாலில் ஊற்றாதீர்கள். அது கால்வாய் வழியே கழிமுகத்துக்குத்தான் செல்லும். விழாவில் அளவறிந்து சமையுங்கள். மிஞ்சியதை அன்று கதிரவன் மறையுமுன் அக்கம்பக்கத்தாரோடு பகிருங்கள். எண்ணூர் மக்கள் தூய நீர் கேட்டு மனு எழுதும்போது நாமும் கையொப்பமிடுவோம். அது பிறர்க்குச் செய்யும் உதவி என்று எண்ண வேண்டா.

அந்த மாணவருக்கு இப்போது நான் கூறும் விடை இது: "தம்பி, நான் உன் மீனை உண்பதில்லை. ஆயினும் உன் ஆற்றின் கரையில் வந்திறங்கும் வாயுவால் விளைந்த சோற்றை உண்கிறேன். உன் ஆற்றில் சாம்பலைக் கொட்டி எடுத்த மின்சாரத்தில் நூல் படிக்கிறேன். உன் நட்டத்தில் எனக்குப் பங்குண்டு. அதைத் தீர்க்கும் கடனிலும் பங்குண்டு."